பேனாவுக்கு வயது கேட்டால்

பேளுக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மளிகைச் சந்தைதான். மிளகை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தே அது மலை மிளகா இல்லையா என்று சொல்லிவிடும் கிழவிகள் இங்கே உண்டு. பழைய மைப்பேனாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மூடியில் இருக்கும் பெயரை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது.

எனக்குப் பேனாப் பைத்தியம் என்று ஊரில் தெரிந்துபோனதால், பீரோவில் கிடந்த பேனாக்களை எடுத்துக்கொண்டு சிலர் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள். இது தங்கமா? எத்தனை வருஷத்துப் பேனா?

தங்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பளபளக்கும் மூடி பெரும்பாலும் மேல்பூச்சுதான். தங்கம் இருந்தால் நிப்பில் இருக்கும். அமெரிக்க நிப்புகளில் 14 காரட் என்ற முத்திரை சாதாரணம். பிரான்சில் அந்தக் காலத்தில் 18 காரட்டுக்குக் குறைந்ததைத் தங்கம் என்று விற்கச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் அந்நாட்டுப் பழைய நிப்பில் 18 இருக்கும், கூடவே கடுகளவில் ஒரு கழுகுத் தலையும் இருக்கும். வாட்டர்மேன் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி. ஆனால் பேனாவில் 'ஜிஃப்' என்றும் சேர்ந்திருந்தால் அது பிரான்சில் செய்தது. ழூல் ஃபகார் என்பவரின் பெயரெழுத்துகள் அவை. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இதெல்லாம் எனக்குப் பழக்கம். ஊதா மையில் நிப்பைத் தொட்டுத் தொட்டு எழுதிய தலைமுறை நாங்கள். பிரான்சின் பள்ளிகளில் பால்பாயிண்ட் பேனாவுக்கு அனுமதி கிடைத்ததே 1965-இல்தான்.

இனி வயது. சென்ற மாதம் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பேனாவை எடுத்து வைத்தார்.

"அப்பாரு பர்மாவுலிருந்து கொண்டாந்ததுங்க சார். ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப காட்டு வழியா நடந்தே வந்தாருங்க. இத மட்டும் இடுப்புல சொருகிக்கிட்டு வந்தாருன்னு எங்கப்பா சொல்லுவாருங்க. மக காலேசு போகுது, அதுக்குக் குடுக்கலாம்னு. எந்த வருசத்துதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தீங்கன்னா கூடவே வெச்சுக் குடுத்துருவனுங்க."

ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23-இல். அடுத்த மார்ச்சில் நகரமே ஜப்பான் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே புறப்பட்டார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே இறந்தார்கள். அதனால் அந்தப் பேனாவை நான் மரியாதையோடுதான் கையில் எடுத்தேன்.

பார்க்கர் 51. நிப்பு வெளியே தெரியாமல் கூட்டுக்குள் ஒளிந்து, நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். இதே சாயலில் வந்த சீனத்து ஹீரோ பேனாவை நம் ஊரில் பலரும் பார்க்கர் என்றே நினைத்து வைத்திருக்கிறார்கள். இது அசல். 1888-இல் தொடங்கிய கம்பெனிக்கு 51-ஆவது வருஷத்தில் உருவானதால் அந்தப் பெயர். கடைக்கு வந்தது 1941-இல்.

உடலில் அமெரிக்கத் தயாரிப்பு என்ற வரியும், பக்கத்தில் 1 என்ற எண்ணும், சில புள்ளிகளும் லென்சில் தெரிந்தன. அந்த எண் வருஷத்தின் கடைசி இலக்கம். புள்ளிகள் காலாண்டைக் குறிப்பவை. 1 என்றால் 1941. கதைக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 1951-ம் ஆகலாமே!

எங்கள் அலுவலகத்தில் பிறந்த தேதிக்கு வாய்ச்சொல் போதாது, இரண்டாவது சான்று கேட்போம். பேனாவில் அந்த இரண்டாவது சான்று மை நிரப்பும் முறை. ஆரம்ப காலத்து 51-இல் வால் பக்கம் ஒரு சின்ன மூடி கழலும். உள்ளே இருக்கும் குமிழை அமுக்கி அமுக்கி மை ஏற்ற வேண்டும். 1948-இல் முறை மாறியது. நடுவில் திருகிக் கழற்றினால் உலோகக் கூட்டுக்குள் மைப்பை இருக்கும், பட்டையை அமுக்கினால் மை ஏறும். இவருடையது நடுவில் கழன்றது. பட்டையும் இருந்தது. ஆக, 1951.

சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவில்லை.

"அப்ப அப்பாரு நடந்து வந்ததும் பொய்யிங்களா?"

"பேனா தன் வயதை மட்டும்தான் சொல்லுதுங்க. அவர் நடந்ததைப் பத்தி அது ஒண்ணும் சொல்லலை. வீட்டுல மூத்தவங்க யாராச்சும் இருந்தா கேட்டுப் பாருங்க."

நான்கு நாள் கழித்து வந்தார். எண்பதைத் தாண்டிய அத்தையிடம் கேட்டிருக்கிறார். "உங்கப்பாரு செருப்புக்கூட இல்லாம வந்து நின்னாருடா, பேனா எங்கிருந்து வரும்?" என்று அவர் சிரித்தாராம். அத்தை அப்போது பிறக்கவில்லை, பாட்டி சொல்லிச் சொல்லிக் கேட்டது. ஊர் வந்தவர் பல வருஷம் கூலி வேலை பார்த்து, பிறகு சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போயிருக்கிறார். பேனா வந்தது அதற்கப்புறம்தான். பாட்டி அதற்காகச் சண்டை போட்டது அத்தைக்கே நினைவிருக்கிறது.

சீட்டை இப்படி எழுதிக் கொடுத்தேன்: பார்க்கர் 51, அமெரிக்கத் தயாரிப்பு, 1951. மற்றதை அவரே மகளிடம் வாயால் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். காட்டு வழியில் வந்த பேனா இல்லை என்ற வருத்தம் அவர் முகத்தில் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், ஸ்பிரிட் போடாதீர்கள், குறடால் திருகாதீர்கள். பச்சைத் தண்ணீரில் முனையை மட்டும் ஓர் இரவு ஊற வைத்தால் காய்ந்த மை கரையும். 1980-க்குப் பிந்திய பார்க்கரில் எண்ணுக்குப் பதில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கலாம். 'குவாலிட்டி பென்' என்ற சொற்களில் உள்ள பத்து ஆங்கில எழுத்துகளும் வரிசையாக 0 முதல் 9 வரை. முதல் எழுத்து கியூ என்றால் 0, கடைசி எழுத்து என் என்றால் 9. ஒரு லென்சை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடமும் கேட்டு வையுங்கள்.