கொம்பேசா

உயர்தர உயிரியலில் முள்ளந்தண்டுளிகளின் கூர்ப்பை நாங்கள் ஒரு வரிசையாகத்தான் மனனம் செய்கிறோம்: தாடையற்ற மீன், கசியிழைய மீன், என்பு மீன். பரீட்சைக்கு அது போதும். அந்த வரிசையின் ஒவ்வோர் அடிக்கும் இடையில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கின்றன என்பதை நினைக்க யாருக்கும் நேரமில்லை.

சீனாவில் உயிர்ச்சுவடாகக் கிடைத்த ஹைகூயிக்திஸ் ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகள் பழையது. பெருவிரல் அளவுகூட இல்லை, தாடையும் இல்லை. தாடை பின்னால்தான் வந்தது. பூக்களைத் தாங்கும் வளைவுகளில் முன்னால் இருந்தவையே தாடையாக மாறின என்பது விஞ்ஞானிகள் பலரது கருத்து. உம்மா மீன் வெட்டிப் பூவை இழுத்தெறியும்போது இதைச் சொன்னேன். "அது இரிக்கட்டும் மகள், உலைய வெச்சியா?" என்றார்.

ஏறத்தாழ 42 முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட டெவோனியன் காலத்தை மீன்களின் காலம் என்பார்கள். அப்போது சில மீன்களின் செட்டைகளுக்குள் தசையும் என்பும் இருந்தன. கனடாவின் வடதுருவப் பகுதியில் 2004இல் கண்டெடுக்கப்பட்ட டிக்டாலிக்கின் முன்செட்டையில் முதலில் ஓர் என்பு, அடுத்து இரண்டு. எங்கள் கையிலும் அப்படித்தான்: புய என்பு, பிறகு ஆரையும் அரந்தியும். இதை வாசித்த இரவு என் கையை நானே தடவிப் பார்த்தேன்.

அந்தத் தசைச்செட்டைக் கூட்டத்தைச் சேர்ந்ததே சீலகாந்த். அதன் சுவடுகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நின்றுவிடுவதால், டைனோசர்களோடு அழிந்தது என்றே எண்ணியிருந்தார்கள். 1938 டிசம்பர் 22 அன்று தென்னாபிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், ஒரு படகின் மீன்குவியலுக்குள் நீலநிறச் செட்டையொன்றைக் கண்டார் மார்ஜரி கோர்ட்னி லற்றிமர். சிறிய அரும்பொருட்சாலையொன்றின் பொறுப்பாளர், வயது 31, மீனியலில் பட்டம் எதுவும் இல்லை. ஐந்தடி மீனை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அது சாதாரண மீன்தான் என்று மேலிடத்தில் சொன்னார்கள். குளிரூட்டி வைக்க இடம் தர எவரும் முன்வரவில்லை. உள்ளுறுப்புகள் அழுகி வீசப்பட்டன. அவர் தோலைக் காப்பாற்றி, கையால் ஒரு படம் வரைந்து பேராசிரியர் ஸ்மித்துக்கு அனுப்பினார். ஸ்மித் அதற்கு லற்றிமேரியா என்று பெயர் வைத்தார்.

எனக்கு இந்தக் கதையில் மீனைவிட அந்தப் பிடிவாதமே பெரிதாகத் தெரிகிறது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விலங்கியலை முதலில் போட வேண்டுமென்பது என் விருப்பம். "மீனப் படிச்சி என்ன தொழில் எடுக்கிற?" என்று வாப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான்; வைத்தியத்துறை என்று சொன்னால் இப்படி யாரும் கேட்பதில்லை. அவருக்கு லற்றிமரின் கதையைச் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவாம்?" என்றார். ஆனாலும் முழுக்கதையையும் கேட்டார்.

அவருக்குப் பிடித்தது பிற்பகுதி. இரண்டாவது மீனைத் தேடி ஸ்மித் 100 பவுண் பரிசு அறிவித்துத் துண்டுப்பிரசுரம் அச்சிட்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1952 டிசம்பரில், அது கொமொறோ தீவுகளில் அகப்பட்டது. இந்து சமுத்திரத்திலுள்ள முஸ்லிம் நாடு அது. பிடித்தவர் ஒரு சாதாரண மீனவர். உலகம் அழிந்துவிட்டதாக நினைத்திருந்த மீன் அத்தீவு மக்களுக்கு முன்பே பழக்கம். எண்ணெய்ப் பிடிப்பான சதை என்பதால் விரும்பி உண்பதில்லை; அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள், கொம்பேசா என்று.