மருத்துவம் கற்ற கன்னியர்

எங்கள் பாட்டியாரின் தங்கை தலைப்பிரசவத்தில் உயிர் நீத்தவர். ஊரில் மருத்துவர் இல்லாமற் போகவில்லை. வண்டி கட்டினால் அரைமணி நேரத்தில் அழைத்து வந்திருக்கலாம். ஆனால் அவர் ஆண்! வீட்டு ஆண்களும் அழைக்கவில்லை, பெண்களும் கேட்கவில்லை. "கேட்டிருந்தாலும் அவள் சம்மதித்திருக்க மாட்டாள்" என்று எங்கள் உம்மா சொல்வார்கள். சென்னையில் மேரி ஷார்லீப் அம்மையார் 1885-இல் தொடங்கிய மருத்துவமனை, பின்னர் பெயர் மாறியும், மக்கள் நாவில் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி'யாகவே இருப்பது ஏன் என்பதை எங்களைப் போன்ற குடும்பத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆதலால்தான் ஆக்னஸ் மக்லாரன் என்னும் ஸ்காத்லாந்து நாட்டு அம்மையாரின் வரலாறு என்னை உலுக்கிற்று. பிரான்சு நாட்டு மொம்பெலியே பல்கலைக்கழகத்தில் 1878-இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், அறுபது வயதைக் கடந்தபின் கத்தோலிக்க நெறியைத் தழுவினார். ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்து மடியும் முஸ்லிம் பெண்களுக்கென்று ராவல்பிண்டியில் ஒரு மருத்துவமனை அமைய முனைந்தார். கட்டடம் எழுந்தது, நிலைத்துப் பணியாற்றப் பெண் மருத்துவர்கள்தாம் கிட்டவில்லை. வாழ்நாளையே ஒப்படைத்த கன்னியரே மருத்துவம் கற்றால் என்ன என்று எண்ணினார். அங்கேதான் சிக்கல்! கன்னியர் பேறுகாலப் பணியில் ஈடுபடுவதைத் திருச்சபையின் சட்டமே அனுமதிக்கவில்லை. அதை நீக்குமாறு ரோமாபுரிக்கு அவர் விடாது மன்றாடினார். நீங்குவதைக் காணாமலே 1913-இல் மறைந்தார். ஒரு பக்கம் எங்கள் திரை, மறுபக்கம் அவர்கள் சட்டம். இரண்டுக்கும் நடுவே பிரசவ வேதனையில் ஒரு பெண்.

அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த திரோல் நாட்டு இளநங்கை அன்னா டெங்கல், அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் பயின்று, 1920-இல் ராவல்பிண்டிக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுப் பணியிலேயே தனியொருத்தியால் ஆகாது என்பது விளங்கிற்று. 1925-இல் வாஷிங்டன் நகரில் நான்கு பெண்கள், அவர்களுள் இருவர் மருத்துவர், இருவர் செவிலியர், ஒரு சபையாகக் கூடினர். முறையான பகிரங்க வார்த்தைப்பாடு எடுக்க இயலாத நிலையிலும் கன்னியரைப் போலவே வாழ்ந்து காத்திருந்தனர். 1936-இல்தான் ரோமாபுரி அந்தத் தடையை விலக்கியது. டெங்கல் அம்மையார் 1980 வரை வாழ்ந்தார். ராவல்பிண்டியில் அச்சபை நிறுவிய திருக்குடும்ப மருத்துவமனை பிற்காலத்தில் அரசின் கைக்கு மாறி, இன்றும் நடைபெற்று வருகிறது.

என் துணைவியாரின் இரு பேறுகளும் கன்னியர் நடத்திய ஒரு சிறு மருத்துவமனையில்தான் நிகழ்ந்தன. அது வேறொரு சபை. கூடத்துப் பெஞ்சில் அமர்ந்து பொழுது போக்கிய எனக்கு அவர்களுடைய வாழ்வு ஓரளவு கண்ணிற்பட்டது. வைகறையில் மணி ஒலிக்கும்; எங்கள் பஜ்ரு பாங்கும் அந்த மணியும் சில நாட்களில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். அறுவை செய்யும் சிஸ்டரும் அடுக்களைச் சிஸ்டரும் ஒரே மேசையில் உண்பார்கள். மருத்துவருக்கென்று தனி வருவாய் கிடையாது. எல்லாம் மடத்துப் பொதுப்பணத்தில் சேரும். செருப்பு அறுந்தாலும் தலைவியிடம்தான் கேட்க வேண்டும். மாற்றல் கடிதம் வந்தால் இரண்டொரு பைகளோடு புறப்பட்டுவிடுவார்கள்.

இல்லறத்தைத் துறப்பது எங்கள் மார்க்கம் காட்டும் வழியன்று. அதில் எனக்கு ஐயமுமில்லை. எனினும், மணத்துறவைவிடக் கடினமானது, தாம் தேர்ந்தெடுக்காத பத்துப் பேருடன் ஒரே கூரையின்கீழ் முப்பது ஆண்டுகள் வாழ்வதாகத்தான் இருக்க வேண்டும். (கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.) மடத்தில் பிணக்குகள் வருவதுண்டா என்று ஒரு மூத்த சிஸ்டரிடம் என் துணைவியார் ஒருமுறை கேட்டே விட்டார்.

"வராமலா? ஆனால் இரவுச் செபத்திற்கு எல்லாரும் ஒரே பெஞ்சில்தானே உட்கார வேண்டும், அம்மா! பக்கத்தில் இருப்பவளோடு பேசாமல் எத்தனை நாள் பாடுவது?" என்று சிரித்தார் அவர்.

அந்த மடத்தில் இப்போது நால்வரே உள்ளனர். அவர்களுள் மூவர் முதியவர்கள். பிரசவ விடுதியை மூடிவிட்டார்கள். ஊரில் பெண் மருத்துவர்கள் பலர் வந்துவிட்டனர். என் தம்பி மகளும் அவர்களுள் ஒருத்தி. மாதம் ஒருமுறை அவள் அங்கே சென்று, அம்மூவருக்கும் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வருகிறாள்.