தவறிய படி

ஆன்சிபிள் என்னும் சொல்லை அறிவியல் புனைகதை வாசகர்கள் அறிவார்கள். உர்சுலா லெ குவின் 1966-இல் வெளியிட்ட 'ரோக்கனன்ஸ் வேர்ல்ட்' நாவலில், உலகங்களுக்கிடையே கணமும் தாமதமின்றிச் செய்தி அனுப்பும் கருவிக்கு அவர் இட்ட பெயர் அது. 2012-இல் மைக்கேல் டிஹான் என்னும் நிரலாளர் தாம் உருவாக்கிய மென்பொருளுக்கு அப்பெயரைச் சூட்டினார். இந்த ஆன்சிபிள் பேசுவது வழங்கிகளோடு. வழங்கி என்றால் சர்வர்தான். எந்த மென்பொருள் வேண்டும், எந்தக் கோப்பு எங்கே இருக்கவேண்டும், எந்த வட்டு எங்கே இணையவேண்டும் என்று படிப்படியாக ஓர் ஏட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், பத்து வழங்கியாயினும் நூறு வழங்கியாயினும் அது சென்று அமைத்துவிடும்.

நூலுக்கு இலக்கணிகள் வகுத்த பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' ஒன்று. இங்கே அதுவே குணம். ஒரே ஏட்டை எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றாகவே இருக்கவேண்டும். ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாமல், குறைந்ததை மட்டும் நிறைக்கவேண்டும். எல்லாப் படிகளும் நிறைவேறும்வரை இதில் சிக்கலில்லை. நடுவில் ஒரு படி தவறினால் என்ன செய்வது என்பதே கேள்வி. தமிழாசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் வினவக்கூடும், காரணம் உண்டு.

எங்கள் துறையில் ஒரு வழங்கி இருக்கிறது. நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் மாணவர்கள் பதிவு செய்துவந்த தாலாட்டும் ஒப்பாரியும் அதில் சேமிக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், மின்தடைக்குப் பின் அது மீண்டும் இயங்கியபோது, மூன்று மாதப் பதிவுகள் இருந்த அடைவு வெறுமையாகக் கிடந்தது. அவற்றுள் ஒரு மூதாட்டி பாடித் தந்தவையும் அடக்கம். பாடிய இரண்டாம் மாதம் அவர் காலமாகிவிட்டார். மீண்டும் சென்று கேட்டு வரலாம் என்று யாரையும் தேற்ற இயலவில்லை.

தரமணியில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். இயற்பியல் பயின்றவர், பொதுத்தமிழ் வகுப்பில் மட்டும் என் முன் அமர்ந்தவர். சிறிது நேரத்தில் தலைநிமிர்ந்து, "பாட்டெல்லாம் பத்திரமா இருக்கு ஐயா, மேல ஒரு மூடி விழுந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

நடந்தது இதுதான். அமைத்துக் கொடுத்தவர்களின் ஏட்டில், பெரிய வட்டை ஓர் அடைவில் இணைப்பது ஐந்தாம் படி. அன்று அப்படி தவறியிருக்கிறது. தவறினாலும் பொருட்படுத்தாமல் மேலே செல்க என்று அதன் கீழ் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. ஆறாம் படி, வட்டு இணைந்துவிட்டதாக நம்பி, அதே பெயருள்ள அடைவில் சேமிப்பகத்தை அமைத்தது. பதிவுகள் யாவும் வழங்கியின் சிறிய உள்வட்டில் சேர்ந்தன. மின்தடைக்குப் பின் பெரிய வட்டு முறையாக இணைந்துகொண்டது. இணைந்ததும் பழைய அடைவை மறைத்துக்கொண்டது. அதைப் பிரித்தவுடன் பாடல்கள் அனைத்தும் வெளிப்பட்டன.

என்னை வியக்கவைத்தது வேறொன்று. அமைத்த நாளின் அறிக்கை கோப்பில் இருந்தது. அதன் இறுதி வரி, தோல்வி 0, புறக்கணிப்பு 1 என்றது. கருவி பொய் சொல்லவில்லை. தோல்விக்கு வேறு பெயர் வைக்கச் சொன்னவர் மனிதர்.

ஒரு படி தவறினால் அந்த வழங்கியில் மேற்கொண்டு எதையும் செய்யாமல் நின்றுவிடுவதே ஆன்சிபிளின் இயல்பு. மற்ற வழங்கிகளில் வேலை தொடரும். எல்லாமே நிற்கவேண்டுமென்றால் அதற்கும் தனி ஆணை உண்டு. சில படிகளை ஒரு தொகுதியாகக் கட்டி, அதில் எது தவறினாலும் மீட்புப் படிகளை இயக்கி, பழைய நிலைக்குக் கொண்டுசெல்லவும் வழியுண்டு. புறக்கணிப்பு என்பது கடைசி வழி. அதுவும் தேவையானதே: இல்லாத கோப்பை நீக்க முயன்று தோற்றால் யாருக்கும் நட்டமில்லை. அடுத்த படி எதன்மேல் நிற்கிறதோ அதைப் புறக்கணிப்பதுதான் கேடு.

நின்றுவிடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது என்று மாணவர் விளக்கினார். ஒரு படி அமைப்புக் கோப்பை மாற்றுகிறது. மாறியதால், ஏட்டின் இறுதியில் சேவையை மறுதொடக்கம் செய்யவேண்டும் என்று குறித்துக்கொள்கிறது. இடையில் வேறொரு படி தவறி ஏடு நின்றுவிட்டால் அந்த மறுதொடக்கம் நிகழாது. பிழையைத் திருத்தி ஏட்டை மறுபடி ஓட்டும்போது, கோப்பு ஏற்கெனவே புதியதாக இருப்பதால் மாற்றம் இல்லை என்று கருவி கருதுகிறது, மறுதொடக்கமும் இல்லை. அறிக்கையில் எல்லாம் நலம். வழங்கியோ பழைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். தவறு நடந்தாலும் குறித்த மறுதொடக்கத்தைச் செய் என்று முன்கூட்டியே கட்டளையிட்டு வைப்பதே இதற்கு மாற்று.

இது சிறிய இடங்களின் துன்பம் மட்டுமன்று. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான வழங்கியில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். தானியங்கிக் காப்புப் படிகளைத் தேடினால் அவை இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, படியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக இயங்கி, ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திரும்பின. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியால் பெரும்பகுதி மீண்டது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை. அழித்தது ஒரு கணத்துத் தவறு. ஓசையின்றித் தோற்றுவந்த படியே அதைப் பேரிழப்பாக்கியது.

இதைப் படித்தபோது, பெசன்ட் நகரில் தம் பெயரால் ஒரு நூலகத்தைக் கொண்டிருக்கும் உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். 1894-இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் இல்லை. அடுத்ததை 267 என்று எண்ணியிருந்தால் நூல் முழுமையானது போலத் தோன்றியிருக்கும். எண்களை அவர் காலியாகவே விட்டார். செல்லரித்த இடங்களில் புள்ளிகளை இட்டார். 1904-இல் வந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. நடு எட்டும் இரண்டாம் பத்து என்றே தொடங்கின. கிடைக்காததைக் கிடைக்காதது என்றே அச்சிட்டதால்தான், எதைத் தேடவேண்டும் என்பது பின்வந்தோர்க்குத் தெரிகிறது. அவரும் வேலையை நிறுத்திவிடவில்லை, மேலே சென்றார். ஆனால் தவறிய இடத்தை மூடிவிட்டுச் செல்லவில்லை.

சிறு நூலகத்தையோ சங்கத்தின் ஆவணங்களையோ கணினியில் காத்துவரும் நண்பர்கள், அதைப் பராமரிப்பவரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: எந்தெந்தப் படிகள் தவறினாலும் மேலே செல்லும்படி எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன? காரணம் ஏட்டிலேயே எழுதப்பட்டிருந்தால் கவலையில்லை. "அது எப்பவுமே அப்படித்தான் சார்" என்று விடை வந்தால், அன்றைக்கே உட்கார்ந்து அந்த அடைவைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.