பெயர் பொறியாப் பதக்கங்கள்

முத்திரை சேர்ப்போரும் நாணயம் சேர்ப்போரும் நம் கல்லூரியில் என்றும் இருந்து வந்துள்ளனர். அவர்தம் பொழுதுபோக்கைக் கண்டு எவரும் வியப்பதில்லை. தமிழாசிரியன் ஒருவன் ஒஸ்திரியப் படைவீரரின் ஞாபகார்த்தப் பதக்கங்களைச் சேர்க்கின்றான் என்றால் மட்டும், "உமக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு, மாஸ்ரர்?" என்கின்றனர். ஆசிரியர் அறையில் இவ்வினா எழாத தவணையே இல்லை எனலாம். மொழியே தொடர்பு என்பது என் விடை.

என்னிடமுள்ளவை ஐந்தே. வியன்னா நகரில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், நாஷ்மார்க் அங்காடியின் அருகே சனிக்கிழமைதோறும் கூடும் பழம்பொருட் சந்தையில் வாங்கி அனுப்பியவை அவை. இவ்வரிசைக்கு முன்னோடியாகக் கருதத்தக்க "பீரங்கிச் சிலுவை" என்னிடம் இல்லை; ஆசிரியனின் சம்பளத்துக்கு அது எட்டாது. நெப்போலியனுக்கெதிராக 1813, 1814 ஆம் ஆண்டுகளிற் போர் செய்தோருக்கென முதலாம் பிரான்சிசு பேரரசர் அதனை ஏற்படுத்தினார். பகைவரிடமிருந்து கைப்பற்றிய பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கிய வெண்கலமே அதன் உலோகம். கொல்ல வந்த கருவியே மார்பணியாயிற்று.

ஆனால் பதக்கங்கள் வெற்றியை மாத்திரம் பேசுவன அல்ல. பிரான்சிசு யோசேப்பு பேரரசர் முடிசூடி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்த 1873 திசெம்பர் 2 ஆந் திகதி நிறுவிய போர்ப் பதக்கம், 1848 முதல் அவ்வாண்டு வரை நிகழ்ந்த போர்களிற் கலந்துகொண்டோர்க்கு உரியது. 1859 இல் சொல்பெரீனோவிலும், 1866 இல் கோனிக்கிராற்சிலும் தோற்றோரும் அதனை அணிந்தனர். இதனினும் விந்தையானது 1864 ஆம் ஆண்டின் டென்மார்க்குப் போர்ப் பதக்கம். ஒஸ்திரியப் பேரரசரின் பெயரெழுத்துக்களும் பிரசிய மன்னரின் பெயரெழுத்தும் அதிலே அருகருகே பொறிக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், அப்பதக்கத்தை அணிந்திருந்த இரு படையினரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர்.

விழா மலரொன்றில் 1898 ஆம் ஆண்டின் பொன்விழாப் பதக்கத்தைக் கூறாதிருத்தல் முறையன்று. பிரான்சிசு யோசேப்பின் ஐம்பதாண்டு ஆட்சியைக் கொண்டாடுதற்கு அதனைப் பெருந்தொகையாக அடித்தனர். அவ்வாண்டு செப்ரெம்பர் 10 ஆந் திகதி பேரரசி எலிசபெத்து ஜெனீவாவிற் குத்திக் கொல்லப்பட்டார். கொண்டாட்டம் அடங்கிப்போயிற்று, பதக்கம் மட்டும் வழங்கப்பட்டது.

இனி மொழிக்கு வருவோம். அப்பேரரசிலே சேர்மன், மகியார், செக்கு, போலிஷ், உக்ரேனியம், உருமேனியம், குரோவாசியம், இத்தாலியம் எனப் பத்துக்குக் குறையாத மொழிகள் வழங்கின. படையிலே ஏறத்தாழ 80 கட்டளைச் சொற்கள் மட்டுமே சேர்மன் மொழியில் அமைந்தன. மற்றைப்படி ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் அதன் வீரர் பேசும் மொழியே உரியதாயிருந்தது. அம்மொழியைக் கற்றுக்கொள்ளுதல் அதிகாரியின் கடமை. இவ்விதியை வகுப்பிலே கூறியபோது மாணவர் சிலர் என்னை ஏறிட்டு நோக்கினர். மேலும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எனின், எல்லார்க்கும் பொதுவாகிய பதக்கத்தில் எம்மொழியைப் பொறிப்பது? எவர்க்கும் தாய்மொழியல்லாத இலத்தீனையே பலகாற் பொறித்தனர். அங்கேரி நாட்டிலே 1844 வரை அரச கரும மொழியாய் விளங்கியதும் இலத்தீனே.

1916 நவம்பரிற் பிரான்சிசு யோசேப்பு இறந்தார். அவர்க்குப் பின் வந்த கார்ல் பேரரசர் திசெம்பரிலேயே ஒரு சிலுவையை நிறுவினார். போர்முனையிலே குறைந்தது 12 வாரம் நின்றோர்க்கு, பதவி வேறுபாடின்றி அது வழங்கப்பட்டது. வடிவம் பழைய பீரங்கிச் சிலுவையைத் தழுவியது, உலோகமோ நாகம். தகரத்தகட்டிற் பூசும் அந்த மலிவான உலோகமே அப்போது அரசின் கையில் மிஞ்சியிருந்தது. நிறுத்துப் பார்க்குமுன்பே உள்ளங்கை அதனை அறியும். "உயிரும் குருதியும்" என அதிலே பொறித்துள்ளனர். 1741 இல் அங்கேரிப் பிரபுக்கள் மரியா தெரேசாவுக்கு வாக்களித்த சொற்கள் அவை.

என் சேர்க்கையில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது 1917 ஆகஸ்டில் நிறுவிய காயமுற்றோர் பதக்கத்தை. அதுவும் நாகமே. முன்புறம் பேரரசரின் உருவமும் "கார்ல்" என்ற பெயரின் இலத்தீன் வடிவமும். பின்புறம் "காயமுற்ற வீரனுக்கு" எனப் பொருள்படும் இரண்டே இலத்தீன் சொற்கள். இலக்கணம் கற்பிப்பவன் கண்ணுக்கு ஒன்று புலப்படும். அரசன் எழுவாய் வேற்றுமையிற் பெயரோடு நிற்கின்றான். வீரன் கொடைப்பொருளில் வந்த நான்காம் வேற்றுமையிலே, பெயரின்றி நிற்கின்றான். பிரித்தானியப் போர்ப் பதக்கங்களின் விளிம்பிலே பெற்றவனின் பெயரைப் பொறிப்பது பெருவழக்கு. ஒஸ்திரியப் பதக்கங்களில் அவ்வழக்கமில்லை.

ஆயினும் அதன் பட்டி பேசுகின்றது. முக்கோணமாக மடித்த, சாம்பல்கலந்த பச்சைப்பட்டி. இரு கரையிலும் செந்நிறம். நடுவே கருங்கரையிட்ட செங்கோடு ஒன்றாயின் ஒரு காயம், இரண்டாயின் இரண்டு, ஐந்து வரை உண்டு. காயமின்றி நோயால் உடல் நலிந்தவனுக்கு நடுக்கோடே இல்லை. என்னிடமுள்ள இரண்டனுள் ஒன்றில் மூன்று கோடுகள். அவன் செக்கனோ, குரோவாசியனோ, அங்கேரியனோ அறியேன். மூன்று முறை அடிபட்டான். மூன்றாம் முறைக்குப் பின்னும் இதனைப் பெற உயிரோடிருந்தான். போர் நடந்த மண்ணிற் பிறந்த நம் மாணவர், பேரரசரின் முகத்தை விடுத்து அக்கோடுகளையே எண்ணுகின்றனர்.

1918 இற் பேரரசு சிதைந்தது. ஒஸ்திரியக் குடியரசு 1932 இல் தன் முன்னாட் போர்வீரர்க்கு ஒரு ஞாபகார்த்தப் பதக்கம் வழங்கியது. "ஒஸ்திரியாவுக்காக" என்ற அதன் வாசகம் சேர்மன் மொழியில் அமைந்தது. இலத்தீனுக்கு அங்கே வேலையில்லாது போயிற்று.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய பதக்கம் எங்கேனும் கண்ணிற்பட்டால் அதனைத் துலக்க வேண்டா. களிம்பு அதன் வயது. பட்டி அழுக்கேறிக் கிழிந்திருப்பினும் அகற்றிப் புதியது கோக்க வேண்டா. புதிதாய்க் கோத்த பட்டிகள் பல புறவூதா ஒளியிலே பளிச்சிட்டுத் தம்மைக் காட்டிக்கொடுக்கும். அன்றியும், காயமுற்றோர் பதக்கத்திலே பட்டி போயின் காயங்களின் கணக்கும் உடன் போய்விடும்.