கணக்குக் கேட்பவர் யார்?

திருவண்ணாமலையில் 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் போதெல்லாம் நமக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. இவ்வளவு பெரிய கோயிலின் கணக்கைக் கேட்பவர் யார்?

தர்மகர்த்தாக்களைக் கேட்பாரில்லை என்ற குறை ஒரு காலத்தில் மிகுந்திருந்தது. அதைத் தீர்க்கவே, பனகல் ராஜா மந்திரிசபை கொண்டுவந்த 1925-ம் வருஷச் சட்டம் ஹிந்து மத பரிபாலன போர்டை ஏற்படுத்திற்று. அதன் கமிஷனர்களைச் சர்க்கார்தான் நியமித்தது. ஆயினும் போர்டு சர்க்கார் இலாகா அன்று, தனி ஸ்தாபனம்.

1951-ம் வருஷச் சட்டம் போர்டை எடுத்துவிட்டு, அதன் வேலையை இலாகாவிடமே ஒப்படைத்தது. மேற்பார்வைக்காகக் கோயில்களிடமும் மடங்களிடமும் வசூலித்த பணம் கட்டணமன்று, வரியே என்று 1954-ல் சீரூர் மடத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1959-ல் வேறு சட்டம் வந்தது. இலாகா இன்றும் நீடிக்கிறது.

தர்மகர்த்தா தவறினால் இலாகா கேட்கும். இலாகா நியமித்த நிர்வாக அதிகாரியே தவறினால்? கோர்ட்டுப் படி ஏறலாம். அதற்கு வேண்டிய பணமும் பொறுமையும் எத்தனை பக்தர்களுக்கு உண்டு?

பழைய போர்டு குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெட்டியைத் திறக்கும் கை வேறு, கணக்குக் கேட்கும் வாய் வேறாக இருப்பதே நியாயம். உண்டியலில் காசு போடும் ஏழைக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.