கால் சென்டிமீட்டர்

கணக்குப் பரீட்சையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதை நம்மில் பலர் கண்டுகொள்வதில்லை. நானும் அப்படித்தான். போன வருஷம் அரையாண்டு லீவு வரைக்கும்!

திருப்பூரில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் சின்ன பனியன் பட்டறை. பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறார்கள். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. அப்பா அட்டையில் கையால்தான் வரைவார். துணி துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று ஒரு துண்டை நனைத்துப் பார்த்து, அதையும் கூட்டிக்கொள்வார். பழைய அட்டை ஓரம் தேய்ந்தால் அளவு மாறிவிடும். மறுபடி வரைய வேண்டும்.

அப்போது டி-சர்ட் ஆர்டர் ஒன்று வந்திருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல். 75 சைஸ் அட்டையை மட்டும் கொடுத்து, "80, 85, 90 நீ வரைஞ்சுடு கண்ணு" என்றார்.

மடித்த துணியில் வைத்து வெட்டுவதால், அட்டையில் மார்புச் சுற்றளவில் கால் பங்குதான் இருக்கும். சைஸுக்கு 5 செ.மீ. கூடினால் அட்டையில் 1.25 கூட வேண்டும். நான் 1 வைத்தேன். கால்தானே, போனால் போகிறது!

எல்லாம் வெட்டி முடித்த பிறகு, முதலில் தைத்த 90 சைஸை அப்பா டேப் வைத்து அளந்தார். 87!

"ஏங்கண்ணு, எப்படி வரைஞ்சே?"

"ஒண்ணே கால் வந்துச்சுங்கப்பா. காலை விட்டுட்டேங்க."

கால், நான்கு பக்கமும் சேர்ந்து ஒன்று. மூன்று சைஸ் தாண்டியதில் மூன்று!

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காய்ச்சலோடு உட்கார்ந்து, வெட்டிய துணிகளை ஒவ்வொரு சைஸ் குறைத்து வெட்டினார். 90-க்கு மட்டும் புதுத்துணி வாங்க வேண்டியதாயிற்று. அதே கலர்தான், ஆனால் வேறு சாயத்தில் போட்டது. நிறம் லேசாக மாறியது. ஆர்டர் கொடுத்தவர் கூலியில் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து அடுத்த ஆர்டர் வந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டு, பென்சிலையும் ஸ்கேலையும் நீட்டினார். "நீயே வரை. வரைஞ்சுட்டு நாலால பெருக்கிப் பாரு" என்றார். கை நடுங்கியது. வரைந்தேன். பெருக்கிப் பார்த்தேன். சரியாக வந்தது.

நண்பர்களே, காலை மட்டும் விட்டுவிடாதீர்கள்!

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு