பொய்க்கால் குதிரை

தஞ்சாவூர்ப் பக்கத் திருவிழாக்களில் பொய்க்கால் குதிரை ஆட்டம் பார்த்திருப்பீர்கள். காகிதக் கூழும் துணியும் ஒட்டிச் செய்த குதிரைக் கூடு. நடுவில் ஓட்டை. ஆட்டக்காரர் அதற்குள் நுழைந்து, கூட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலில் மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். ராஜாவுக்கு ஒரு குதிரை, ராணிக்கு ஒரு குதிரை. நையாண்டி மேளம் ஆரம்பித்ததும் இரண்டும் துள்ளும். மராட்டியர் காலத்தில் இங்கே வேர்விட்ட கலை என்பார்கள்.

குதிரை பொய். கால் பொய். ராஜா, ராணியும் பொய். தாளம் மட்டும் நிஜம். அதில் ஓர் அடி பிசகினால் ராஜாவும் ராணியும் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்.

கம்ப்யூட்டருக்குள்ளேயும் இப்படி ஒரு பொய்க்கால் குதிரை இருக்கிறது. எனக்கு அதைக் காட்டியவன் என் அக்கா பையன். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம். 2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவன், அப்படியே வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். பார்வையில்லாதவர்களுக்காக, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருளைச் சோதிக்கிற வேலை.

"எங்கே ஓடுது உன் மென்பொருள்?" என்று கேட்டேன்.

"மும்பைல ஒரு சர்வர்ல, மாமா."

"அங்கே அது பேசினா யாருக்குக் கேட்கும்?"

"யாருக்கும் கேக்காது. அந்த சர்வர்ல ஸ்பீக்கரே கிடையாது. சவுண்ட் கார்டும் கிடையாது."

"பின்னே எப்படிப் பேசும்?"

"இருக்குன்னு நம்ப வெச்சுட்டேன்" என்றான்.

ஒரே ஒரு கட்டளை தட்டினான். 'டம்மி' என்ற பெயரில் ஒரு சவுண்ட் கார்டு பட்டியலில் வந்து உட்கார்ந்துகொண்டது. தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை, டிரைவர் மட்டும்தான்.

டிரைவர் என்றதும் பஸ் ஓட்டுகிறவரை நினைக்காதீர்கள். இது கிட்டத்தட்ட அந்தக் காலத்து துபாஷி வேலை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கருவறை மாதிரியான பகுதிக்கு கெர்னல் என்று பெயர். அது பேசுகிற பாஷை வேறு, சவுண்ட் கார்டு, பிரிண்டர் போன்ற கருவிகள் பேசுகிற பாஷை வேறு. நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் டிரைவர். லினக்ஸ் கெர்னலில் ஒலி சம்பந்தப்பட்ட இந்த துபாஷிகளின் கூட்டத்துக்கு 'அல்சா' என்று பெயர். செக் நாட்டுக்காரரான யாரோஸ்லாவ் கிசேலா 1998-ல் தொடங்கியது. டம்மி டிரைவரை எழுதியவரும் அவர்தான். இல்லாத துரைக்கு ஒரு துபாஷி!

அந்த துபாஷி செய்கிற வேலையைக் கேளுங்கள். சி.டி. தரத்தில் ஒரு பாட்டு ஓடினால், நொடிக்கு 44,100 தடவை, இடது காதுக்கு ஒன்று வலது காதுக்கு ஒன்று என்று எண்கள் வரும். கணக்குப் போட்டால் நொடிக்கு 1,76,400 பைட். நாலு நிமிஷப் பாட்டுக்கு 4 கோடியே 23 லட்சத்துச் சொச்சம். டம்மி இத்தனையையும் வாங்கிக்கொள்ளும். வாங்கி என்ன செய்யும்? எங்கேயும் வைக்காது, ஒப்புக்கு ஒரு சின்னப் பக்கத்தைக் காட்டிவிட்டு அத்தனையையும் காற்றில் விட்டுவிடும்.

அதற்கு வால்யூம் வேறு உண்டு. மாஸ்டர், மைக், லைன், சி.டி. என்று தனித்தனியாக. மைனஸ் 50-லிருந்து 100 வரை ஏற்றலாம், இறக்கலாம். எதை ஏற்றி என்ன, ம்ஹூம், ஒரு முனகல்கூட வராது. விலை உயர்ந்த ஸ்டுடியோ கார்டு மாதிரி வேஷம் கட்டு என்றால் அதையும் கட்டும். 26 சேனல் வைத்திருக்கும் கார்டாகக்கூட நடிக்கும்.

இதெல்லாம் வேடிக்கை. இனிமேல்தான் விஷயம்.

ஒலியை விழுங்குவதில் ஒரு நியதி இருக்கிறது. நாலு நிமிஷப் பாட்டை நாலு நிமிஷத்தில்தான் விழுங்க வேண்டும். நிஜ சவுண்ட் கார்டு ஒரு பங்கை வாசித்து முடித்ததும், "ஆச்சு, அடுத்ததைக் கொடு" என்று சொல்லும். டம்மியும் அதே நேரத்தில், அதே மாதிரி சொல்லியாக வேண்டும். ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டால் எல்லாம் கெட்டது. ஆக, அதன் ஒரே உண்மையான வேலை தாளம் போடுவது. பாட்டு இல்லை, வாத்தியம் இல்லை, தாளம் மட்டும்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்டேன். மாப்பிள்ளை ஓர் உதாரணம் சொன்னான். பார்வையில்லாத ஒருவர் பாங்க் பக்கத்தைத் திறக்கிறார். மென்பொருள் ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கிறது. அவர் அடுத்த வரிக்குப் போக ஒரு பட்டனை அமுக்குகிறார். அந்தக் கணமே பழைய வரி வாயை மூடி, புதிய வரி ஆரம்பிக்க வேண்டும். டம்மி எல்லாவற்றையும் முன்கூட்டியே விழுங்கியிருந்தால், சோதனையில் 'பழைய வரி முடிந்துவிட்டது, பாஸ்' என்று வரும். நிஜ வீட்டில், நிஜ ஸ்பீக்கரில், பழைய வரி இன்னும் பேசிக்கொண்டிருக்கும். அவர் 'வேண்டாம்' என்ற வரியைக் கேட்டுக்கொண்டே 'பணம் அனுப்பு' என்ற பட்டனை அமுக்கிவிடுவார்.

"கண்ணு தெரியறவங்க திரையைப் பார்த்து சுதாரிச்சுக்குவாங்க மாமா. அவங்களுக்குக் காதுதானே கண்ணு?"

எனக்கு சுரீர் என்றது. மும்பையில் யாருக்குமே கேட்காத ஒரு சத்தத்தின் தாளம், எங்கேயோ ஒருவருடைய பாங்க் கணக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் தீர்ந்தது. தேய்மானம் இல்லாத சரக்குதானே இது? பி.காம். படித்தவனுக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றும். மோட்டாருக்கு வருஷம் இத்தனை சதவிகிதம் என்று எழுதித் தள்ளலாம். எழுத்துக்கு ஏது தேய்மானம்?

அவனுக்குப் பதில் சொல்ல வார்த்தை தேடவேண்டிய அவசியமே இல்லை. வாசலுக்கு எதிரிலேயே வாய்க்கால். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-ல் அணை திறக்கிறார்கள் என்றால், அதற்கு முந்தைய வாரங்களில் டெல்டா முழுக்கத் தூர்வாருகிறார்கள். வாய்க்கால் எங்கேயும் போய்விடவில்லை. போன வருஷம் வெட்டிய அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி மண் வந்து சேர்ந்துவிட்டது. தூர்வாராமல் விட்டால் கல்லணையில் புறப்பட்ட தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராது.

கெர்னலும் அப்படித்தான். டம்மி அதே இடத்தில் இருக்கும், அதைச் சுற்றியுள்ள கெர்னல் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் அது கெர்னலின் சாதாரணக் கடிகாரத்தை வைத்துத் தாளம் போட்டது. நொடிக்கு 100, 250, அல்லது 1,000 துடிப்பு, அவ்வளவுதான். பிறகு கெர்னலுக்குள் நுணுக்கமான கடிகாரம் வந்தது. 2009-ல் டம்மிக்கும் அதைக் கட்டிவிட்டார்கள். 2023-ல், ஒலிக்கான தரவை நகலெடுக்கும் முறையையே மொத்தமாக மாற்றியபோது, நிஜ டிரைவர்களோடு டம்மியையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது. 'இவன்தான் பொய்யாச்சே, போகட்டும்' என்று விட முடியாது. விட்டால் அடுத்த கெர்னலில் டம்மி கிடையாது.

பொய்யிலும் விபத்து உண்டு. மேலே சொன்ன இரண்டு கடிகாரத்தில் எது வேண்டும் என்று வெளியிலிருந்து ஓடும்போதே மாற்ற முடிந்தது. பாட்டு நடுவில் ஓடிக்கொண்டிருக்கையில் மாற்றினால்? ஒரு கடிகாரத்துக்கு அளவெடுத்த இடத்தில் இன்னொரு கடிகாரம் கையை விடும். அளவு வேறு வேறு. கெர்னலின் ஞாபகமே கலங்கிவிடும். கருவறையில் கலக்கம் என்றால் மொத்தக் கோயிலுக்கும் ஆபத்து. 2016 ஜனவரியில் கூகுளைச் சேர்ந்த டிமிட்ரி வியூகோவ் கெர்னலைக் கன்னாபின்னாவென்று சீண்டிப் பார்க்கும் சோதனையில் இதைக் கண்டுபிடித்துச் சொல்ல, டக்காஷி இவாய் அப்படி மாற்றுகிற வழியை அடைத்தார். ஒரு சத்தமும் போடாத பிராணி செய்யக்கூடிய சேதம் இது!

இந்த இவாய், கிசேலாவோடு சேர்ந்து லினக்ஸின் ஒலிப் பகுதி முழுவதற்கும் பொறுப்பாளர். சூசே என்ற லினக்ஸ் நிறுவனத்தில் வேலை. நிஜமான நூற்றுக்கணக்கான சவுண்ட் சிப்புகளுக்கு நடுவே இந்த ஊமைக்கும் சேர்த்துத்தான் அவர்கள் காவல்.

கெர்னலோடு கூடவே ஒரு பெரிய பட்டியல் வரும். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று பெயர் போட்டிருக்கும். பக்கத்தில் நிலைமையும் எழுதியிருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் பார்க்கிறார் என்றால் ஒரு சொல். சும்மா ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் இன்னொரு சொல். நேரம் கிடைத்தால் எட்டிப் பார்ப்பார் என்பதற்கு ஒன்று. யாருமே இல்லை என்றால், ஒளிவுமறைவில்லாமல் 'அநாதை' என்று எழுதிவிடுவார்கள். எவர் வேண்டுமானாலும் படிக்கலாம்.

எனக்கு அந்தப் பட்டியல் ரொம்பப் பிடித்திருந்தது. நம் ஊரில் குளம், படித்துறை, நூலகம், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பட்டியல் போட்டு, பெயரும் நிலைமையும் எழுதிப் பஞ்சாயத்து வாசலில் ஒட்டினால் எத்தனை வரிகளில் 'அநாதை' என்று வரும்? திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்கிறோம். தூர்வாருகிறவனுக்கு எங்கேயும் பெயர் இல்லை. எதைக் கட்டினோம் என்பதைவிட, கட்டியதை இன்றைக்கு யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் ஓர் ஊரின் நிஜக் கணக்கு என்று எனக்குப் படுகிறது.

என் அக்காவுக்கு இதெல்லாம் தேவையில்லாத கவலை. பையன் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், ஒரு சத்தமும் வருவதில்லை. இதற்குப் போய் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே என்ற ஆச்சரியம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. அன்றைக்கு சாயங்காலம் காப்பியைக் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு வேலை எப்படிடா போச்சு?"

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றான். "நல்லாப் போச்சு."